மாட்டாஸ்பத்திரிக்கு நாய் போன கதை

எங்கள் மண்ணூர்ப் பக்கம் நாய்க்கோ பூனைக்கோ உடம்பு சரியில்லை என்றால் "மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ" என்றுதான் சொல்வார்கள். பெயர்ப் பலகையில் என்னவோ 'கால்நடை மருந்தகம்' என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் பேச்சில் அது மாட்டாஸ்பத்திரிதான். நாயைத் தூக்கிக்கொண்டு போகிற இடத்துக்கு எதற்கு மாட்டின் பெயர்? சின்னக் கேள்விதான். ஆனால் பதில் தேடிப் போனால் அசோகர், சரபோஜி மன்னர், வெள்ளைக்காரர்களின் குதிரைப்படை, குன்னூர், வேப்பேரி என்று ஒரு பெரிய சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது. "டாக்டர் உங்கள் வீட்டுக்கே வந்து உங்கள் செல்லத்தைப் பார்ப்பார்" என்று இப்போது விளம்பரங்கள் வருகின்றனவே, அது புதுசா பழசா என்பதும் இந்தச் சுற்றிலேயே தெரிந்துவிடும். வாருங்கள், பார்க்கலாம்.

வைத்தியர் தொழுவத்துக்கு வந்த காலம்

விலங்கு வைத்தியம் பற்றி நம் நாட்டில் கல்லில் வெட்டிய மிகப் பழைய சான்றுகளில் ஒன்று அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு. கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் என இரண்டு வகை மருத்துவத்துக்கும் ஏற்பாடு செய்ததாகவும், மூலிகைகள் கிடைக்காத இடங்களில் அவற்றைக் கொண்டுபோய் நட்டதாகவும் அது சொல்கிறது. இதில் நமக்கு முக்கியமானது என்னவென்றால், அந்த ஏற்பாடு நடந்த எல்லை நாடுகளின் பட்டியலில் சோழரும் பாண்டியரும் இருக்கிறார்கள் என்பதுதான். அசோகரின் ஆட்சி தமிழ்நாட்டில் நடக்கவில்லை. ஆனாலும் விலங்கு வைத்தியம் பற்றிய பேச்சில் நம் பெயர் அப்போதே வந்துவிட்டது.

நாய்க்கு மட்டும் தமிழ்நாட்டில் மதிப்பு இல்லை என்று யாராவது சொன்னால் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரைக் காட்டுங்கள். அங்கே முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு. ஆநிரைச் சண்டையில் இறந்துபோன கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துவிட்டு எசமானன் பக்கத்திலேயே நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாய்க்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கல்லிலும் வெட்டியிருக்கிறார்கள். ஆச்சரியமாக இல்லை?

வைத்தியத்துக்கு வருவோம். தமிழில் மாட்டு வாகடம் என்று ஒரு நூல் வகையே உண்டு. ஓலைச்சுவடியில் இருந்து பின்னால் அச்சுக்கும் வந்தது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் நடத்திய தன்வந்திரி மகாலில் மனிதர்களுக்கான மருந்தோடு விலங்குகளுக்கான மருந்தும் தயாரித்தார்கள். கிராமங்களில் இந்த வைத்தியம் தெரிந்தவர் தொழுவத்துக்கே வருவார். மாட்டைப் பார்ப்பார், கொல்லையில் இருக்கும் இலையைப் பறிக்கச் சொல்வார், அரைத்து மூங்கில் குழாயில் ஊற்றி மாட்டின் வாயில் விடுவார். சில நோய்களுக்குச் சூடு போடுவார். ஆக, விலங்கு வைத்தியம் என்றாலே அன்றைக்கு அது வீட்டு வைத்தியம்தான். விலங்கைத் தூக்கிக்கொண்டு போக அப்போது ஆஸ்பத்திரி எங்கே இருந்தது?

இதில் எல்லாமே மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடிவீக்கத்துக்குப் பூசும் முறையை, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி அவர்கள் முறைப்படுத்திப் பரப்பினார். தேசியப் பால்வள வாரியமும் அதை எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பழைய வைத்தியத்திடம் ஒன்று மட்டும் இல்லை. கொள்ளை நோய் வந்தால் தடுக்க வழி இல்லை. ஒரு மாட்டுக்கு வெக்கை நோய் வந்தால் தெருவே காலியாகும். வைத்தியர் வந்தாலும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பார்.

முதலில் குதிரை, அப்புறம் மாடு

இப்போது உலகம் பக்கம் ஒரு எட்டு. முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-ல் பிரான்ஸின் லியோன் நகரில் குளோத் பூர்ஷெலா என்பவர் முயற்சியில் உருவானது. அவர் குதிரை வல்லுநர். அன்றைய பிரான்ஸை மாட்டு வெக்கை நோய் வாட்டிக்கொண்டிருந்தது. நன்றாகக் கவனியுங்கள். குதிரை என்றால் ராணுவம், போக்குவரத்து. மாடு என்றால் ஏர், பால், வரி. இந்த இரண்டுக்கும்தான் கல்லூரி வந்தது. நாயும் பூனையும் கணக்கிலேயே இல்லை.

இந்தியாவிலும் அதே கதைதான். ஓசூரில் இருக்கும் கால்நடைப் பண்ணை 1824-ல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டது. 1869-ல் மாட்டுக் கொள்ளை நோய் பற்றி விசாரிக்க அரசு ஒரு ஆணையம் அமைத்தது. பிறகு கல்லூரிகள் வரிசையாக வந்தன. லாகூர் 1882, பம்பாய் 1886, கல்கத்தா 1893. நம் சென்னையில் 1903 அக்டோபரில் சைதாப்பேட்டையில் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் வகுப்பு தொடங்கியது. 1905-ல் வேப்பேரிக்கு மாறியது. இன்றைக்கும் சென்னையைச் சுற்றி இருப்பவர்கள் "வேப்பேரிக்குக் கொண்டு போங்க" என்று சொல்கிறார்களே, அதே இடம்தான்.

1932-ல் ராணிப்பேட்டையில் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் வந்தது. அடைப்பான், சப்பை நோய், கோழிகளின் வெள்ளைக் கழிச்சல் என்று கிராமத்தை ஆட்டிவைத்த நோய்களுக்குத் தடுப்பூசி அங்கே தயாரானது. அதற்குமுன் 1920-களிலேயே இமயமலைப் பகுதி முக்தேஸ்வரில் எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, வெக்கை நோய்க் கிருமியை வெள்ளாடுகளில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் குறைத்து, அதையே தடுப்பு மருந்தாக்கும் வழியைக் கண்டுபிடித்திருந்தார்.

மருந்து கையில் வந்துவிட்டது. அடுத்த கேள்வி, நாட்டில் இருக்கும் அத்தனை மாடுகளையும் யார் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு வருவது? யாராலும் முடியாது. அதனால் ஊசி தொழுவத்துக்குப் போனது. 1954-ல் தேசிய அளவில் வெக்கை நோய் ஒழிப்புத் திட்டம் ஆரம்பமானது. பனிக்கட்டி போட்ட பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, தொழுவம் தொழுவமாகப் போனார்கள். இந்தியாவின் கடைசி வெக்கை நோய்த் தாக்குதல் 1995-ல் பதிவானது. எங்கே தெரியுமா? நம் வட ஆற்காட்டில்! 2006-ல் இந்தியா வெக்கை நோய் இல்லாத நாடு என்ற அங்கீகாரம் பெற்றது. 2011-ல் உலகமே அந்த நோயில் இருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதன் பூமியில் இருந்தே ஒழித்துக் கட்டிய இரண்டாவது நோய் இதுதான்.

ஆக, முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மாட்டாஸ்பத்திரி என்ற பெயர் கேலிக்கு வந்ததில்லை. உழைத்துச் சம்பாதித்த பெயர்.

நாய் உள்ளே வந்தது கடித்ததால்!

அப்படியானால் நாய் எப்போது அரசாங்கத்தின் கண்ணில் பட்டது? கடித்தபோதுதான்.

1885 ஜூலை 6-ஆம் தேதி லூயி பாஸ்டர் ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனுக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டார். பையன் பிழைத்துக்கொண்டான். இந்தியாவில் இதற்கான முதல் நிலையம் 1900-ல் கசௌலியில் வந்தது. கசௌலி இருப்பது இமயமலைச் சாரலில். தென்னிந்தியாவில் ஒருவரை நாய் கடித்தால் அத்தனை தூரம் ரயிலில் போக வேண்டும். 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநாய் கடித்து, சிகிச்சை கிடைக்காமல் இறந்துபோனார். அந்தச் சாவு உண்டாக்கிய அதிர்ச்சியில்தான் தெற்கே ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் இந்தியாவுக்குக் கொடுத்த நன்கொடையில் ஒரு பகுதி இதற்கு ஒதுக்கப்பட்டு, 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. 1911-ல் டேவிட் செம்பிள் கசௌலியில் ஆட்டு மூளைத் திசுவில் இருந்து ஒரு தடுப்பூசி தயாரித்தார். "தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி" என்று தாத்தா பாட்டிகள் பயமுறுத்துவார்களே, அது இந்த ஊசிதான். இந்தியாவில் 2000-களின் நடுவில்தான் அது முழுதாக நின்றது. இப்போது போடுவது கையில் போடும் ஊசி. எண்ணிக்கையும் குறைவு, வலியும் குறைவு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வெக்கை நோயில் ஊசி மாட்டுக்குப் போனது. வெறிநாய்க்கடியில் ஊசி மனிதனுக்குப் போனது. அப்போது நாய்க்கு? சுருக்குக் கம்பி. சென்னை மாநகராட்சி 19ஆம் நூற்றாண்டிலேயே தெருநாய்களைப் பிடித்துக் கொல்லத் தொடங்கிவிட்டது. நூறு வருடங்களுக்கு மேல் கொன்றும் நாயும் குறையவில்லை, நோயும் போகவில்லை. காரணம் எளிது. ஒரு தெருவில் இருக்கும் நாய்களைக் காலி செய்தால் மிச்சம் இருக்கும் சோற்றுக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வரும், குட்டி போடும். வந்தவற்றுக்குத் தடுப்பூசியும் இருக்காது.

இதற்கு மாற்று சொன்னவர்களும் சென்னைக்காரர்கள்தான். விமானியாக இருந்த கேப்டன் வி. சுந்தரமும் அவர் குடும்பமும் 1959-ல் தங்கள் வீட்டிலேயே அடிபட்ட விலங்குகளை வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதுதான் பிறகு புளூ கிராஸ் ஆனது. கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று 1964 முதல் சொல்லிவந்தார்கள். மாநகராட்சி அதற்குச் சம்மதிக்க 1996 வரை ஆனது. 2001-ல் அது நாடு முழுவதற்குமான விதியாகவே வந்தது. 2023-ல் அந்த விதிகள் புதுப்பிக்கப்பட்டன.

வீட்டு நாய் நோயாளி ஆனது

வீட்டில் வளரும் நாய்க்கும் பூனைக்கும் தனி டாக்டர் என்பது உலகத்திலேயே ரொம்பப் பழைய விஷயம் இல்லை. மேல்நாடுகளில் மோட்டார் வண்டி வந்து குதிரை வண்டி மறைந்ததும் நகரத்துக் கால்நடை மருத்துவர்களுக்கு வேலை குறைந்தது. அப்புறம்தான் வீட்டு விலங்குகள் பக்கம் பெரிய அளவில் திரும்பினார்கள். அதுவும் முதலில் பணக்காரர் வீட்டு விலங்குகள். 1917-ல் மரியா டிக்கின் என்ற பெண்மணி லண்டனின் ஏழைகள் வாழ்ந்த வைட்சேப்பல் பகுதியில் ஒரு நிலவறையில் இலவச மருந்தகம் திறந்தார். சில வருடங்களில் வண்டியிலேயே மருந்தகத்தை வைத்து ஊர் ஊராக அனுப்பினார். ஏழை வீட்டு நாய்க்கும் வலிக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளவே இத்தனை காலம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

நம் ஊரில் 1953-ல் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விலங்கு வதைத் தடுப்பு மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியாக அரசே 1960-ல் சட்டம் இயற்றியது. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவர்தான் முதல் தலைவர். 1984-ல் வந்த இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், பதிவு பெற்ற மருத்துவர்தான் விலங்குகளுக்கு மருத்துவம் பார்க்கலாம் என்று வரையறுத்தது. 1989-ல் வேப்பேரிக் கல்லூரியையும் சேர்த்துத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது.

இதற்கு நடுவில் 1978 வாக்கில் பார்வோ என்ற புது வைரஸ் உலகம் முழுக்க நாய்க்குட்டிகளை வாரிக்கொண்டு போனது. இரண்டே வருடத்தில் கண்டம் விட்டுக் கண்டம் பரவியது. குட்டி வாந்தி எடுக்கும், ரத்தமாகக் கழியும், உடம்பில் நீர் வற்றிச் செத்துப்போகும். ஆசையாக வாங்கிவந்த குட்டி கண்முன்னால் சாவதைப் பார்த்த பிறகுதான் பல குடும்பங்கள் நாய்க்கும் தடுப்பூசி அட்டவணை உண்டு என்று தெரிந்துகொண்டன.

எங்கள் பக்கம் என்ன நடக்கிறது?

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு காலத்தில் ஏரிப் பாசனம், நெல், மாடு என்று இருந்த பகுதி. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் வந்தது. 2006-ல் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது, 2014-ல் மூடியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வயல் மனையானது, தொழுவம் வாடகை அறையானது. மாடு குறைந்தது. நாய் குறையவில்லை. ஷிப்டு முடித்து நடுராத்திரி பஸ்ஸில் இருந்து இறங்குகிறவர்களுக்கு வரவேற்பே நாய்கள்தான் :-) அதில் பாதி யாருடைய நாய் என்றே சொல்ல முடியாது. நாலு வீட்டில் சோறு, ஒரு வீட்டு வாசலில் தூக்கம். ஐந்து வீட்டுக்காரரும் "எங்க நாய்தான்" என்பார்கள். ஊசி போட்டீர்களா என்றால் ஐந்து பேரும் அடுத்த வீட்டைக் காட்டுவார்கள்.

அதுவும் தவிர, நாயைத் தூக்கிக்கொண்டு போவது லேசுப்பட்ட வேலை இல்லை. பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். பைக்கில் முன்னால் உட்காரவைத்தால் குதிக்கும். பெரிய வைத்தியம் என்றால் வேப்பேரி, முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் சம்பளம் போகும். அதனால் நோய் முற்றினால்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நோய் வராமல் தடுக்கும் ஊசிக்காக யார் லீவு போடுவார்கள்?

வீட்டுக்கு வரும் மருத்துவம் இங்கேதான் பயன்படுகிறது. மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஒரு நடமாடும் மருத்துவ வண்டி என்ற கணக்கில் வண்டிகள் வந்தன. தமிழ்நாட்டில் 2024-ல் 245 வண்டிகள் ஓடத் தொடங்கின. அழைக்க வேண்டிய எண் 1962. ஆனால் இவை முதன்மையாக ஆடு மாடுகளுக்கானவை. நாய் பூனைக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தனியார் மருத்துவர்கள். அப்படிக் கூப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில:

- வருகிறவர் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.
- தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். ஐஸ் பெட்டி இல்லாமல் பையில் போட்டு வந்த ஊசி வெறும் தண்ணீருக்குச் சமம்.
- குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் வெறிநாய்க்கடி ஊசி. அடுத்த தவணைகளை மருத்துவர் அட்டையில் குறித்துத் தருவார். அட்டையைத் தொலைக்காதீர்கள்.
- தடுப்பூசி, குடற்புழு மருந்து, புண்ணுக்குக் கட்டு, வயசான நாயைப் பார்ப்பது, இவையெல்லாம் வீட்டில் முடியும். எலும்பு முறிவு, விடாத வாந்தி, பிரசவச் சிக்கல் என்றால் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.
- நம் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம்.
- நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வேண்டவே வேண்டாம்.

கடைசிக் குறிப்பை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலகத்தில் ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 59,000 பேர் வெறிநாய்க்கடியால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில். நோய்க்குறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. இறப்பவர்களில் குழந்தைகளும் நிறையப் பேர்.

வரலாறு என்ன சொல்கிறது?

மருத்துவர் வீட்டுக்கு வருவது புதுசே இல்லை. வாகடம் படித்த வைத்தியரும் வந்தார். அவரிடம் தடுப்பூசி இல்லை. பிறகு தடுப்பூசி வந்தது, அது தொழுவத்துக்குப் போனது, வெக்கை நோய் பூமியில் இருந்தே போனது. வெறிநாய்க்கடிக்கும் ஊசி இருக்கிறது, நூறு வருடங்களுக்கு மேலாக இருக்கிறது. ஆனால் நாய் ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு ஊரில் 70 சதவிகித நாய்களுக்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துபோகும் என்கிறார்கள் நிபுணர்கள். கோவாவில் அதைச் செய்தும் காட்டிவிட்டார்கள். மிஷன் ரேபிஸ் அமைப்பும் மாநில அரசும் சேர்ந்து வீடு வீடாக, தெருத் தெருவாக, வலையும் ஐஸ் பெட்டியுமாகப் போய் ஊசி போட்டார்கள். 2021-ல் அந்த மாநிலம் ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது.

2030-க்குள் நாய்வழி ரேபிஸை ஒழிப்பது என்று இந்திய அரசு 2021-ல் திட்டம் போட்டிருக்கிறது. வெக்கை நோயை ஒழித்த நாட்டுக்கு இது முடியாத காரியம் இல்லை. நம் பங்குக்குச் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். வீட்டுக்கு மருத்துவரைக் கூப்பிடும்போது நம் நாய்க்கு மட்டும் இல்லாமல், வாசலில் படுத்திருக்கும் "யாருடையதோ" நாய்க்கும் சேர்த்து ஊசி போடச் சொல்லுங்கள். தெருவில் பத்து வீடு சேர்ந்து கூப்பிட்டால் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்கு மேல் போகாது.

உங்கள் தெருவில் எத்தனை நாய், அதில் எத்தனைக்கு ஊசி போட்டிருக்கிறது? இந்த வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்களேன்.